ஓநாய்மேல் வரும் அரக்கர் படை: மிகுபுனைவு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிகுபுனைவுக் (ஃபேன்டசி) கதைகளில் ஓநாய்மேல் ஏறி வரும் அரக்கர் படைக்கு இப்போது தமிழிலும் இடம் கிடைத்துவிட்டது. பாளையங்கோட்டையிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் எழுதுகிற இளைஞர்கள் சிலர், பொதிகை அடிவாரத்தையோ தேரிக்காட்டையோ களமாக வைத்துக்கொண்டு, கோரைப்பல் நீண்ட வீரர்களை ஓநாய்களின் முதுகில் ஏற்றி அனுப்புகிறார்கள். கற்பனைக்குக் குறைவில்லை, மொழியும் பலரிடம் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் இந்தப் படை வருகிற இடத்தில் கதை தளர்ந்துவிடுகிறது. பிழைகள் பலவாகத் தோன்றினாலும் அவற்றில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்றே நான் கருதுகிறேன். எழுதுபவர் ஓநாயை மயிர் அடர்ந்த குதிரையாக எண்ணிக்கொள்கிறார். கதையில் ‘ஓநாய்’ என்று வரும் இடங்களில் எல்லாம் ‘குதிரை’ என்று மாற்றி எழுதிப் பாருங்கள். ஒரு வாக்கியமும் குலையாமல் கதை அப்படியே நின்றால், அந்த அரக்கர்களுக்கு ஓநாய் தேவைப்படவே இல்லை என்று பொருள்.

இந்த உருவம் கணினி விளையாட்டுகளிலிருந்து வந்தது என்று பலர் நம்புவது முதல் பிழை. 1937-இல் வெளிவந்த டோல்கீனின் ‘தி ஹாபிட்’ என்னும் ஆங்கில நாவலிலேயே காப்ளின்கள் என்னும் சிற்றுருவ அரக்கர்கள் ஓநாய்களின்மேல் சவாரி செய்கிறார்கள். அதற்கும் வெகு காலம் முன்பே வட ஐரோப்பியத் தொன்மங்களில் இந்த உருவம் இருந்தது. ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஸ்னோரி ஸ்டுர்லுசன் 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொகுத்த கதைகளில், பால்டர் என்னும் தேவனின் ஈமக் கப்பலைக் கடலுக்குள் தள்ள எவராலும் முடியாமற்போக, ஹிர்ரோக்கின் என்னும் அரக்கி வரவழைக்கப்படுகிறாள். அவள் ஓநாய்மேல் வருகிறாள். பாம்புகள்தாம் அவளுக்குக் கடிவாளம். அவள் இறங்கியதும், அந்த ஓநாயைப் பிடித்துக்கொள்ளுமாறு தேவர்களின் தலைவனான ஓடின் நான்கு வெறிவீரர்களை ஏவுகிறான். அதைத் தரையில் வீழ்த்திய பிறகே அவர்களால் அதை அடக்க முடிகிறது. தெற்கு ஸ்வீடனில் ஹுன்னெஸ்டாட் என்னும் இடத்தில் இருந்த, ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டைச் சேர்ந்த நினைவுக் கற்களுள் ஒன்றிலும் பாம்புக் கடிவாளத்துடன் ஓநாய்மேல் அமர்ந்த உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது.

வரலாற்றுக் குறிப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஏறியிருப்பவள் இறங்கிவிட்டால் மற்ற எவருக்கும் கட்டுப்படாத விலங்கு அது என்பதைப் பழைய கதைசொல்லி தெளிவாக அறிந்திருந்தான். நம் கதைகளிலோ அரக்கர்கள் இறங்கி, ஓநாய்களைப் புளியமரத்தில் கட்டிவிட்டு, கூடாரத்துக்குள் ஆலோசனைக்குச் சென்றுவிடுகிறார்கள்.

உடலின் கணக்கு

அடுத்தது எடை பற்றியது. இதில்தான் பிழைகள் மலிந்து கிடக்கின்றன. நம் நாட்டு ஓநாய் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ எடையுள்ளது. வட அமெரிக்காவின் பெரிய ஓநாய்கள் 45, 50 கிலோ வரை இருக்கும். அதற்கு மேற்பட்டவை அரிது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன ‘டயர் உல்ஃப்’ என்னும் பெருநாய் இனமும் 60, 70 கிலோ அளவில்தான் இருந்தது. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைச் சுமந்து நெடுந்தொலைவு செல்லும் என்பது சவாரி செய்வோர் கைக்கொள்ளும் பொதுவான கணக்கு. அதையே ஓநாய்க்கும் பொருத்தினால், உலகில் வாழ்ந்த மிகப் பெரிய ஓநாய்கூட ஒரு நான்கு வயதுக் குழந்தையைச் சுமப்பதற்கே திணறும்.

எனவே கற்பனை ஓநாயைப் பெரிதாக்கித்தான் ஆகவேண்டும், அதில் தவறில்லை. ஆனால் பெரிதாக்குவதற்கு ஒரு விலை உண்டு. 1638-இல் வெளியான தம் நூலில் கலிலியோ விளக்கியது இதைத்தான். உருவத்தை எல்லாத் திசையிலும் இரண்டு மடங்காக்கினால் எலும்பின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகும். 45 கிலோ ஓநாயை இரண்டு மடங்கு உயரமாக்கினால் 360 கிலோ ஆகிறது. தோள் உயரம் ஏறத்தாழ 160 செ.மீ. அந்த எடையைத் தாங்கும் கால்கள் இப்போதைய ஓநாயின் மெலிந்த கால்களாக இருக்க முடியாது. அவை தடித்துக் குறுக வேண்டும். மார்பு அகல வேண்டும். நடையில் கரடியின் சாயல் வந்துவிடும். இத்தனைக்குப் பிறகும் ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் அது சுமப்பது 72 கிலோதான். கவசமும் கோடரியுமாக 150 கிலோ தேறும் ஆர்க் என்னும் பேருருவ அரக்க வீரன் ஏற வேண்டுமானால் 750 கிலோ ஓநாய் வேண்டும். வளர்ந்த ஆண் துருவக் கரடியே அந்த எடையை எட்டுவது அரிது.

இங்கே எழுத்தாளர் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். ஒன்று, ஓநாயை மாபெரும் உருவமாக்கி அதன் நடையும் உணவும் வாழிடமும் மாறுவதை ஏற்றுக்கொள்ளலாம். அல்லது, ஏறுபவனைச் சிறுக்க வைக்கலாம். 150 கிலோ எடையும் 120 செ.மீ. தோள் உயரமும் கொண்ட ஓநாயின்மேல் 30 கிலோ எடையுள்ள குள்ள அரக்கன் அமர்வதே கணக்குக்கு ஓரளவு பொருந்துகிறது. ‘தி ஹாபிட்’ நாவலில் ஓநாய்ச் சவாரி சிற்றுருவக் காப்ளின்களுக்கு வாய்த்ததும், பின்வந்த விளையாட்டுகளில் பெரிய ஆர்க்குகளுக்கு மாறியதும் கவனிக்கத்தக்கவை. என்னைக் கேட்டால் சிறியவனே பயங்கரமானவன் என்பேன். மலைபோன்ற வீரனைத் தூரத்திலேயே பார்த்துவிடலாம்; சோளக்காட்டுக்குள் ஓநாயின் பிடரியோடு ஒட்டிக்கிடக்கும் சிறுவுருவை எட்டடியில்தான் பார்க்க முடியும்.

முதுகெலும்பைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. இதற்கு நூல்களைத் தேட வேண்டியதில்லை. கோவில்பட்டிப் பக்கம் கன்னி, சிப்பிப்பாறை நாய்களை வளர்ப்பவர் வீட்டில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தாலே போதும். அந்த நாய் முழு வேகத்தில் ஓடும்போது முதுகு வில்லாக வளைந்து பின் நேராக விரிகிறது. ஒவ்வொரு பாய்ச்சலிலும் நான்கு கால்களும் இருமுறை தரையை விட்டு எழுகின்றன. நாயினத்தின் வேகம் அந்த முதுகில் இருக்கிறது. குதிரையின் முதுகோ ஓட்டத்திலும் பெரும்பாலும் விறைப்பாகவே நிற்கும். சேணம் அதில் தங்குவதற்குக் காரணமும் அதுவே. வளைந்து விரியும் முதுகில் குதிரைச் சேணத்தை இறுக்கிக் கட்டினால் விலங்கு ஓட முடியாது. தளர்த்திக் கட்டினால் வீரன் அமர முடியாது. ஆகவே உங்கள் அரக்கன் முதுகின் நடுவில் அமராமல், தோள்களின்மேல் முன்சரிந்து, மார்புப் பட்டையைப் பற்றிக்கொண்டு கிடப்பதாக எழுதுவது பொருத்தமாக இருக்கும். மேலும், ஓநாய் வாழ்நாளில் பெரும்பகுதியைப் பாய்ச்சலில் கழிப்பதில்லை. மணிக்கு 8 கிலோமீட்டர் அளவிலான சீரான துள்ளுநடையில் மணிக்கணக்காகச் செல்வதே அதன் இயல்பு. அந்நடையில் முதுகு ஏறத்தாழச் சமமாக இருக்கும். படை நகரும்போது துள்ளுநடை, தாக்கும்போது மட்டும் பாய்ச்சல் என்று பிரித்துக்கொண்டால் பயணக் காட்சிகளுக்கும் போர்க் காட்சிகளுக்கும் வேறுவேறு தாளம் தானாகவே அமையும்.

கடிவாளமும் வாயும்

கடிவாளம் போட்ட ஓநாயைப் படிக்கும்போதெல்லாம் புன்னகை வந்துவிடுகிறது. குதிரையின் வாயில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஈறு நீண்டிருக்கிறது. கடிவாள இரும்பு அங்கேதான் அமர்கிறது. இறைச்சியைக் கிழிக்கும் கத்தரிப் பற்கள் வரிசையாக உள்ள ஓநாயின் வாயில் அப்படி ஓர் இடம் இல்லை. தோல்வாரை அது சிறிது நேரத்தில் மென்று துண்டாக்கிவிடும். வாய்க்கூடு மாட்டினால் இரண்டு தீமைகள் உண்டு. படையின் முதன்மை ஆயுதமே பூட்டப்பட்டுவிடும். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதன் வழியாகவே உடற்சூட்டைத் தணிக்கும் விலங்கு வெயிலில் சுருண்டு விழும். குரல், முழங்கால் அழுத்தம், பிடரியில் வைத்த கை ஆகியவற்றால் இயக்கப்படும் ஓநாயே நம்பத்தக்கது. அப்படி இயக்குவதற்கு இரண்டும் ஒன்றாகவே வளர்ந்திருக்க வேண்டும் என்பதால், வீரனுக்கும் விலங்குக்கும் உள்ள உறவு கதையின் தசையாகிவிடுகிறது. தன் ஓநாய் இறந்ததும் ஒருவன் மற்றொன்றின்மேல் தாவி ஏறிப் போரைத் தொடர்வது, இந்தக் காரணத்தால், குதிரைப் படைக்கு மட்டுமே உரிய காட்சி.

தீனி

எந்தப் படைக்கும் வயிறு உண்டு. குதிரைப் படை புல்லும் நீரும் உள்ள வழியாகச் செல்லும். தங்கிய இடத்திலேயே மேயும். ஓநாய்ப் படைக்கு இறைச்சி வேண்டும். மேலே சொன்ன 360 கிலோ ஓநாய்க்கு, உடல் பெருக்கத்துக்கு ஏற்பத் தோராயமாகக் கணக்கிட்டாலும், நாளொன்றுக்கு 12 முதல் 15 கிலோ இறைச்சி தேவைப்படும். ஒரு நாட்டாட்டில் தேறும் கறி ஏறத்தாழ அவ்வளவுதான். ஆக, 500 ஓநாய்கள் உள்ள படைக்கு நாளொன்றுக்கு 500 ஆடுகள், மாதத்துக்கு 15,000 ஆடுகள். பெருநாளுக்கு முன்பு மேலப்பாளையம் சந்தையையும் எட்டயபுரம் சந்தையையும் பார்த்தவர்கள் இந்த எண்ணிக்கையின் பொருளை உணர்வார்கள். இப்படிப்பட்ட படை ஒரு மாதம் நெல்லைச் சீமையில் தங்கினால், வயல்களில் எருவுக்காகக் கிடை போட்டிருக்கும் ஆடுகள் முதலில் மறையும், பிறகு உழவு மாடுகள், பிறகு மனிதர்கள். படை வருமுன் கிடைக்காரர்கள் இடம்பெயர்வதே அதன் வருகைக்கான முதல் அறிகுறியாக இருக்கும். எரியும் ஊரைக் காட்டுவதைவிட வெறுமையான கிடையைக் காட்டுவது கதைக்கு அதிகம் உதவும்.

ஓநாய் தினமும் வேளைக்கு உண்பதும் இல்லை. கிடைத்தபோது ஒரே மூச்சில் 9, 10 கிலோ வரை விழுங்கிவிட்டு, பிறகு நாட்கணக்கில் பட்டினி கிடக்கவும் அதனால் முடியும். வயிறு புடைத்த ஓநாய் படுத்துத் தூங்கும். அதனை எழுப்பிப் போருக்குக் கொண்டுசெல்ல இயலாது. பட்டினி நாள் மிகையானால் அது சொற்கேளாது. இவை இரண்டுக்கும் இடைப்பட்ட ஓரிரு நாட்களே தாக்குதலுக்கு உகந்தவை. போரின் நாளைச் சோதிடர் குறிப்பதைவிடத் தீனி கொடுப்பவன் குறிப்பது எத்தனை நல்ல கதை! இதைக் கண்டுகொள்ளும் எதிரித் தளபதி ஒருவனைப் படைத்துவிட்டால், பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஏறுவிலங்கைப் பேணத் தெரியாத படை என்னவாகும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே சான்று இருக்கிறது. தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியில் உள்ள பழையகாயல், 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரேபியக் குதிரைகள் வந்திறங்கிய துறைமுகம். பாண்டிய அரசன் ஆண்டுக்கு 2000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கியதாகவும், ஆண்டு முடிவில் 100 குதிரைகள்கூட எஞ்சுவதில்லை என்றும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். குதிரைகளுக்குச் சோற்றோடு இறைச்சியைச் சமைத்துக் கொடுத்தார்கள் என்பதும், குதிரை மருத்துவம் அறிந்தவர்கள் இங்கு வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள் என்பதும் அவர் குறிப்புகளில் உள்ளன. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் ஏறுவிலங்கு ஒரு படைக்கலம் என்பதோடு நின்றுவிடாமல், அதன் பின்னால் தீனி, மருத்துவம், வணிகம், அறியாமை, சூழ்ச்சி என்று ஒரு முழு உலகமே இயங்குகிறது என்பதை அந்தக் குறிப்பு காட்டுகிறது. ஓநாய்களை யார் வளர்க்கிறார்கள், யார் விற்கிறார்கள், நோய் வந்தால் யார் பார்க்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு உங்கள் கதையில் விடை இல்லையென்றால், அரக்கர்களின் உலகம் திரைச்சீலையில் வரைந்த காடாகவே நின்றுவிடும்.

வளர்ப்பைப் பற்றி ஒரு செய்தி முக்கியமானது. ஓநாய்க் குட்டி பிறந்து ஏறத்தாழ இரண்டு வாரங்களில் கண் திறக்கும். அதற்கு முன்பே தாயிடமிருந்து பிரித்து, இரவும் பகலும் கூடவே இருந்து வளர்த்தால்தான் அது மனிதரை ஓரளவு ஏற்கும். வளர்ந்த காட்டு ஓநாயைப் பிடித்துவந்து பழக்கிவிடலாம் என்பது நடவாத காரியம். ஆண்டுக்கு ஒரே ஈற்று, ஓர் ஈற்றில் நான்கிலிருந்து ஆறு குட்டிகள். எனவே ஓநாய்ப் படை வைத்திருக்கும் அரக்கர் கூட்டத்தில் குட்டிகளோடு படுத்துறங்கும் கிழவிகளும் சிறுவர்களும் இருந்தே ஆகவேண்டும். தமிழில் நான் படித்த எந்தக் கதையிலும் அந்தக் கிழவி இல்லை.

கூட்டத்தின் இயல்பு

தலைவன் ஓநாயை அடித்து வீழ்த்திய அரக்கன் உடனே கூட்டம் முழுவதற்கும் தலைவனாகிவிடுகிற காட்சி அடிக்கடி வருகிறது. ‘ஆல்ஃபா’ என்ற இந்தக் கருத்து, ருடால்ஃப் ஷென்கல் என்னும் விலங்கியலாளர் அடைப்பில் வைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து 1947-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. 1970-இல் அதைத் தம் நூலில் பரப்பிய டேவிட் மெக் என்னும் ஆய்வாளரே, காட்டில் வாழும் கூட்டங்களைப் பல ஆண்டுகள் கவனித்த பிறகு, 1999-இல் அக்கருத்தை மறுத்தார். காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாயும் தந்தையும் அவர்களுடைய பிள்ளைகளும் சேர்ந்த குடும்பம். அங்கே தலைமை என்பது பெற்றோரின் இடம். தந்தையைக் கொன்றவனைப் பிள்ளைகள் சுமந்து திரியும் என்று எதிர்பார்ப்பது மனித அரசியலை விலங்கின்மேல் ஏற்றுவதாகும்.

அதைவிடப் பெரிய சிக்கல், வெவ்வேறு கூட்டத்து ஓநாய்கள் ஒன்றையொன்று கொல்லும் என்பது. காட்டு ஓநாய்கள் இயற்கையாக இறப்பதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று மற்றக் கூட்டத்தின் தாக்குதல். ஆயிரம் ஓநாய்களை ஒரே முகாமில் திரட்டும் அரக்கர் மன்னனுக்கு எதிரியே தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு ஓநாய்கள் கொண்ட, ஒரே குடும்பத்திலிருந்து வந்த சிறு குழுக்கள், ஒன்றோடொன்று கலக்காமல், காத தூரம் விலகி நகரும் படையே இயல்பானது. கட்டபொம்மன் காலத்துப் பாளையங்களின் படைகள் எப்படித் தத்தம் தலைவனுக்கு மட்டும் கட்டுப்பட்டு நின்றனவோ, அத்தகைய அமைப்பை இங்கே நினைத்துக்கொண்டால் எழுதுவது எளிதாகும்.

போர்க்களத்தில்

தோளோடு தோள் நெருங்கி, வரிசை கட்டி, வேல் நீட்டிய காலாட்படையின்மேல் மோதும் ஓநாய்ப் படையை எழுதாதீர்கள். அது குதிரைப் படையின் போர்முறை. ஓநாய் ஓடும் இரையைத் துரத்தும் விலங்கு. நின்று எதிர்க்கும் இரையிடம் அது தயங்குகிறது. ஓடாமல் திரும்பி நிற்கும் காட்டெருமையையும் பெரிய மானையும் ஓநாய்க் கூட்டம் சற்று நேரம் சோதித்துப் பார்த்துவிட்டு விலகிப்போவதை ஆய்வாளர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். எனவே அசையாமல் நிற்கும் படைக்கு முன்னால் ஓநாய்கள் சுற்றிச்சுற்றி வரும். பக்கங்களைத் தொட்டுப் பார்க்கும். ஒருவன் முதுகு காட்டியதும் பாயும். அச்சத்தை அடக்கி நிற்பதா ஓடுவதா என்பதே இங்கே உயிருக்கும் சாவுக்கும் இடையிலான கோடு என்பதால், இரத்தம் சிந்துவதற்கு முன்பே களத்தில் பதற்றம் நிரம்பிவிடும்.

குதிரைப் படைக்கு எதிராக ஓநாய்ப் படையின் பெரும் ஆயுதம் பல்லல்ல, வாடை. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னன் சைரஸ், லிடிய நாட்டுக் குரோசஸின் குதிரைப் படைக்கு முன்னால் ஒட்டகங்களை நிறுத்தியதாகவும், அவற்றின் வாடையைத் தாங்காமல் குதிரைகள் திரும்பி ஓடியதாகவும் கிரேக்க வரலாற்றாளர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். புல்தின்னும் ஒட்டகத்துக்கே அப்படியென்றால், இறைச்சி தின்னும் ஓநாய்கள் ஐந்நூறு நிற்கும் திசையில் எந்தப் பழகாத குதிரை போகும்? இதை எழுதுகிறவர் காற்றின் திசையையும் எழுத வேண்டும். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் அடிக்கும் மேற்குக் காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். மலையிலிருந்து கிழக்கே இறங்கும் ஓநாய்ப் படை அந்தக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வரும். அதன் வாடை படைக்கு முன்பே வந்து குதிரைகளைக் கலைத்துவிடும். ஆனால் எதிரி எங்கே பதுங்கியிருக்கிறான் என்பதை ஓநாய்களால் முகர்ந்தறிய முடியாது. கடற்கரையிலிருந்து மேற்கே வந்தால் எல்லாம் தலைகீழாகும்: ஓநாய்களுக்கு ஒவ்வொரு பதுங்குகுழியும் மூக்கில் தெரியும்; குதிரைகளோ அவை நெருங்கும்வரை எதுவும் அறியாமல் புல் மேய்ந்துகொண்டிருக்கும்.

நிலமும் வெயிலும்

நம் கதைகளில் ஓநாய் வீரர்கள் பெரும்பாலும் பொதிகையின் அடர்காட்டில் வாழ்கிறார்கள். அகத்தியமலைக் காட்டின் இருளும் ஈரமும் கற்பனைக்கு இசைவானவைதாம். ஆனால் இந்திய ஓநாய் புல்வெளியும் புதர்க்காடும் கலந்த வறண்ட நிலத்து விலங்கு. நெருங்கிய மரங்களுக்கிடையே அதன் நெடுந்தொலைவு ஓட்டத்துக்கு இடமில்லை. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் காடுகளில் வாழ்வது செந்நாய். இரண்டையும் குழப்பிக்கொண்டு, செந்நிறமான சிறு ‘ஓநாய்களை’ மலைக்காட்டில் ஊளையிட வைக்கிறார்கள். செந்நாய் ஓநாயைப்போல ஊளையிடுவதில்லை; சீழ்க்கை அடிப்பதுபோன்ற ஒலியால் தன் கூட்டத்தை அழைக்கிறது. உண்மையைச் சொன்னால், இருட்டில் நாற்புறமும் சீழ்க்கை கேட்கும் காட்டில் செந்நாய்மேல் வரும் சிறு பூதங்களை எழுதினால், அது வடநாட்டுப் பனிக்காட்டைக் கடன்வாங்கிய எந்தக் கதையையும்விட அச்சமூட்டும்.

ஓநாயே வேண்டும் என்பவர்களுக்குக் கரிசல் நிலமும் தேரியும் இருக்கின்றன. திருச்செந்தூருக்கு அருகிலுள்ள குதிரைமொழித் தேரியின் செம்மணலில் குளம்பு புதையும். விரல் விரிந்த அகன்ற பாதம் அவ்வளவு புதையாது. மாறாக, சித்திரை வெயிலில் அந்த மணல் பாதத்தைப் பொசுக்கும். உடலில் வியர்க்காத விலங்குக்குப் பகலில் போர் என்பது தற்கொலை. பகலெல்லாம் பனங்காட்டு நிழலிலும் குளத்துக் கரையிலும் நாக்குத் தொங்கக் கிடந்து, பொழுது சாய்ந்த பிறகே நகரும் படையாக அதை எழுத வேண்டும். கம்பளிபோல் அடர்ந்த வெண்மயிரைப் போர்த்திக்கொண்டு நண்பகலில் பாளையங்கோட்டைக் கோட்டையைத் தாக்க வரும் ஓநாய்க்குப் புவியியல் தெரியவில்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

ஏறியிருப்பவன்

ஓநாயின்மேல் அமர்ந்திருப்பவன் அரக்க குலத்தில் பிறந்தான், ஆகவே கொடியவன் என்று எழுதி முடித்துவிடுவது மேற்கத்திய மிகுபுனைவிலேயே நெடுங்காலமாக விமர்சிக்கப்பட்டுவரும் பழக்கம். நம் மண்ணில் எழுதுகிறவருக்கு அந்தப் பழக்கம் இன்னும் கூடாது. 1871-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்து, 1911-இல் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் விரிவுபடுத்திய குற்றப் பரம்பரைச் சட்டம், சில குலங்களில் பிறந்தவர்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகப் பதிவு செய்தது. அதே எண்ணத்தை, கொம்பும் கோரைப்பல்லும் மாட்டி, அறியாமலே மீண்டும் எழுதிவிடக் கூடாது. அரக்கர்கள் கொடுமை செய்யட்டும். அதற்குப் பசியோ, பறிபோன மேய்ச்சல் நிலமோ, பழைய பகையோ, தலைவனின் பேராசையோ காரணமாக இருக்கட்டும். முந்தைய பகுதிகளில் சொன்ன தீனிக் கணக்கே அவர்களைப் போருக்குத் துரத்தப் போதுமானது.

இன்னொரு வழக்கமும் பரவி வருகிறது. சுடலைமாடனையோ, ஐயனாரின் பரிவாரத்துப் பூதங்களையோ, இசக்கியையோ எடுத்து, பெயரைச் சற்று மாற்றி, ஓநாய்மேல் ஏற்றி, கதையின் தீய படையாக்கிவிடுகிறார்கள். ஐயனார் இரவில் குதிரையேறி ஊர்க்காவல் சுற்றுகிறார் என்ற நம்பிக்கையும், கோரைப்பல்லும் உருட்டிய விழியுமாக நிற்கும் சிலைகளும் ஒரு மிகுபுனைவு எழுத்தாளரை ஈர்ப்பது இயல்புதான். ஆனால் இவை பழைய நூலில் மட்டும் வாழும் உருவங்கள் அல்ல. பங்குனி உத்திரத்தன்று குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போய்ப் பொங்கலிடுகிறவர்களும், கோயில் கொடை விழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்கிறவர்களும் உங்கள் வாசகர்கள். தோற்றம் அச்சமூட்டுவதாக இருந்தாலும் அவர்களுக்கு அது காவல் தெய்வம். காக்கும் பக்கத்தில் நிறுத்தி எழுதுங்கள். அல்லது முற்றிலும் புதிதாகப் படைத்துக்கொள்ளுங்கள். நாயக்கர் காலத்து மண்டபத் தூண்களில் யாளியின்மேல் அமர்ந்த வீரர்களை நம் சிற்பிகள் செதுக்கியிருக்கிறார்கள். எந்தக் காட்டிலும் இல்லாத விலங்கை, ஏறுவதற்கு ஏற்ற தசையும் திமிறலுமாகப் படைக்க முடிந்தவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

சிறு பிழைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். ஓநாய் முழுநிலவைப் பார்த்து ஊளையிடுவதில்லை. கூட்டத்தை அழைக்கவும், மற்றக் கூட்டத்தை எச்சரிக்கவுமே ஊளையிடும். பதுங்கி நகரும் படை ஊளையிட்டால் அது தன் இருப்பைத் தானே பறைசாற்றுவதாகும். குதிரையின் கழுத்து வீரனுக்கு முன்னால் கேடயம்போல் உயர்ந்து நிற்கும்; ஓநாய் ஓடும்போது தலை தாழ்ந்துவிடுவதால் அதன்மேல் இருப்பவனுக்கு முன்னால் மறைப்பே இல்லை என்பதை அம்பெய்யும் காட்சிகளில் மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக, போர் முடிந்த பிறகு நடப்பது. வீரன் இறந்தால் குதிரை ஓடிவிடும், அல்லது மற்றக் குதிரைகளோடு சேர்ந்துகொள்ளும். வீரனை இழந்த ஓநாயோ களத்திலேயே இருக்கும். அங்கே அதற்கு உணவு கிடக்கிறது. வெற்றி பெற்ற ஓநாய்ப் படை எதிரியைத் துரத்துவதற்குப் பதிலாக இறந்தவர்கள்மேல் குனிந்துவிடும் அந்த நேரம், அதன் தலைவனுக்கு மிகவும் ஆபத்தான நேரம். புத்தியுள்ள எதிரி தோற்பதுபோல் பின்வாங்கி, போகும் வழியெல்லாம் அறுத்த ஆடுகளைப் போட்டுவிட்டு, அவை உண்டு மயங்கியதும் திரும்பி வருவான். ஏறியிருக்கும் அரக்கர்கள் கத்துவார்கள், அடிப்பார்கள். சில ஓநாய்கள் அடித்த கையையே கடிக்கும்.